யுகேந்திரன் எழுதாத வரிகள்

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார இடம் கிடைக்கும் என்று நினைத்தது ஷாமினியின் தப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் மூக்குக்கு நேரே ஒரு கறுப்புச் சட்டையின் முதுகு. சட்டைக்குள் இருந்தவன் யாரோ. முதுகில் வெள்ளை எழுத்தில் இருந்ததோ அவளுடையது.

அம்மா
மழை வருகிறது
கொடியில் கிடக்கும் என் சட்டையை எடுத்துவிடு
நான்தான் நனைந்துவிட்டேன்
அதுவாவது நனையாமல் இருக்கட்டும்

அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: யுகேந்திரன்.

சட்டைக்காரனுக்குப் பக்கத்தில் நின்ற பெண் அவன் முதுகைத் தட்டி, "இவன் செத்துட்டான்ல?" என்றாள்.

"ஆமாலா. இருபத்து மூணு வயசு. அருவியில போயிட்டான். சாகுறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கான் பாரேன்."

"ஐயோ. அதான் இவ்ளோ டீப்பா இருக்கு."

எனக்கு இருபத்து நாலு வயசு, நான் சாகல, அதனால டீப்பா இல்லையா என்று கேட்க ஷாமினிக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இன்றைக்குச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைச் சில்லறையாகச் செலவழிக்க மனசில்லை. சென்ட்ரலில் இறங்கி, பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து, கவிதைக் கூட்டம் நடக்கும் மாடி ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்: அது நான் எழுதியது, என் பெயரைக் கொடுங்கள். அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அதை இன்று வாங்காவிட்டால் இனித் தன்னுடையது என்று ஒரு வரிகூட எழுத முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஐந்து வரியை அவள் கவிதை என்று நினைத்து எழுதவில்லை. வேலை என்று நினைத்து எழுதினாள்.

பட்டம் வாங்கி வெளியே வந்து, ஷா ஆலமிலும் பங்சாரிலும் நேர்முகத் தேர்வுக்குப் படி ஏறி இறங்கி, கூப்பிடுகிறோம் என்று சொன்ன ஒருத்தரும் கூப்பிடாமல் போன பிறகு, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பழனியப்பனின் அச்சுக்கடையில் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, திருவிழா பேனர், பிறந்தநாள் பேனர். எல்லாவற்றையும் விட அதிகம் கண்ணீர் அஞ்சலி. செத்தவர்களுக்கு அவள்தான் கோட்டு மாட்டுவாள். படத்தின் பின்னால் தெரியும் சமையலறையை அழித்து, நீல வானமும் மேகமும் வைப்பாள். லோரி ஓட்டும் அப்பாவுக்கும் கையுறைத் தொழிற்சாலையில் கால்கடுக்க நிற்கும் அம்மாவுக்கும் பிறந்த, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. "படிச்சி முடிச்சி, பொணத்துக்கு மேக்கப்பு போடுறா" என்று சித்தி ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கச் சொன்னபோது, "ஆமா சித்தி, உங்களுக்கும் நான்தான் போடுவேன். நல்ல போட்டோவா இப்பவே எடுத்து வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை முடித்தவள்.

போன நவம்பரில் ஒரு காலையில் ஆனந்த் என்ற பையன் கடைக்குள் வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவனும் கூட்டாளிகளுமாக ஐந்து பேர் உலு லங்காட் பக்கம் ஓர் அருவிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் வெயில். மேலே மலையில் எங்கோ மழை. தண்ணீர் நிறம் மாறுகிறது என்று ஒருத்தன் சொல்லி வாய் மூடுவதற்குள் மொத்தமாக இறங்கிவிட்டது. நாலு பேர் ஏறிவிட்டார்கள்.

"அவசரம்க்கா. நாளைக்கி எடுக்கறாங்க" என்று போனை நீட்டினான்.

படத்தில் யுகேந்திரன் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் மேல் வேறொருவன் கை. கைக்காரனை ஷாமினி வெட்டி எடுத்தாள். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் தோளே போய்விடும் போலிருந்தது. அதன் மேல் மாலையை இழுத்துப் போட்டு மறைக்கப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளியே தெரிந்தன.

"மூணாம் நம்பர் போடும்மா" என்றார் பழனியப்பன், கல்லாவில் இருந்தபடியே. அஞ்சலி வரிகள் அவரிடம் எண் போட்டுத் தயாராக இருந்தன. வயதானவர்களுக்கு ஒன்று. அம்மாக்களுக்கு இரண்டு. சின்ன வயதில் போனவர்களுக்கு, மலர்ந்தும் மலராமல் உதிர்ந்த மொட்டைப் பற்றிய மூன்று. அந்த மாதம் மட்டும் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்த பையன்களுக்கு எத்தனை மொட்டுகளை உதிர்த்துவிட்டோம் என்று எண்ணிப் பார்க்க அவளுக்கே வெறுத்துப் போயிருந்தது. மூன்றாம் நம்பரைத் திறக்காமல் விசைப்பலகையில் கை வைத்தாள். ஐந்து வரி வந்தது. நிறுத்தவில்லை, திருத்தவில்லை. தும்மல் வந்த மாதிரி வந்தது.

பழனியப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "என்னாம்மா, செத்தவனே பேசுறாப்ல இருக்கு?"

"பேசட்டும் பொஸ். மத்தவங்கதான் எப்பவும் பேசுறோம்."

"வீட்டுக்காரங்க ஒத்துக்கணுமே."

ஆனந்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அவன் பேனர் சுருள்களுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதுதான் ஒப்புதல்.

எல்லா அஞ்சலிப் பேனரிலும் இருப்பது போல் வரிகள் மேலே, பெயர் கீழே, அதற்கும் கீழே பிறப்பு, இறப்பு. பதினாறாம் நாளுக்குக் கூட்டாளிகள் வழக்கம்போல டீ-சட்டை அடித்தார்கள். முன்னால் முகம், முதுகில் வரிகள். தேதி போட இடமில்லை, விட்டுவிடலாம் என்று ஷாமினிதான் சொன்னாள். தேதி போனதும் கீழே நின்ற பெயர் கையெழுத்தாகிவிட்டது.

அந்த முதுகை யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பையன்களுக்கும் பெண்களுக்கும் கவிதைப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று வரை கவிதை என்றால் ஞாயிறு பத்திரிகையில் அங்கிள்மார்கள் தமிழைத் தாயே என்று கூப்பிடுவது. இன்று மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ ஆறுவதற்குள் ஒரு மேசையில் இரண்டு கவிஞர்கள். காதல் முறிந்தால் கவிதை, வேலை போனால் கவிதை, நாய் செத்தால் கவிதை. பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வைத்துக்கொண்டு, போனைப் பார்த்துப் படிப்பார்கள். படிக்கும்போது அழுவார்கள், கேட்பவர்களும் அழுவார்கள். ஷாமினிக்கு அதில் சிரிப்பும் உண்டு, பொறாமையும் உண்டு. அவளும் அவர்களில் ஒருத்திதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் மாதம் ஒருமுறை கூடும் அந்தக் கூட்டத்துக்கு 'பேசு' என்று பெயர். நடத்துகிறவன் விமலன். பங்சாரில் விளம்பரக் கம்பெனியில் வேலை, நல்ல பையன்தான், அதுதான் அவனிடம் உள்ள குறை. ஷாமினி அங்கே அம்மாவின் வெந்த விரல்களைப் பற்றியும் நேர்முகத் தேர்வில் தன் பெயரைக் கேட்டதும் மாறிய ஒரு முகத்தைப் பற்றியும் படித்திருக்கிறாள். அங்கே கைதட்டலுக்குப் பதில் விரல் சொடுக்குவார்கள்; அவளுக்கு மரியாதைக்கு நாலு விரல் சொடுக்கின. கீழே இறங்கும்போது விமலன் கூடவே வந்தான்.

"ஷாமினி, ஸ்ட்ரோங்கா எழுதுற. ஆனா ரொம்ப கோவம்லா. கேக்குறவங்களுக்கு வலி வேணும். நீ திட்டுற."

"எனக்கு வலிச்சா திட்டுதான்டா வரும்."

சட்டைக் கவிதையை அவன் படித்த அன்று அவள் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு விரல்கூடச் சொடுக்கவில்லை. சொடுக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஜிம்முக்குப் போய்ப் புஜத்தை வளர்த்த ஒருத்தன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். முடிந்ததும் அவள் விமலனைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"அது நான் எழுதினது."

விமலன் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "அவன் பேர் போட்டிருக்கு ஷாமினி."

"பேர் போட்டதே நான்தான்டா."

"ஏதாச்சும் ஆதாரம்?"

"கடையில ஃபைல் இருக்கு."

"யாரு வேணும்னாலும் டைப் அடிக்கலாம்லா. செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போறான்?" அதைச் சொன்ன பிறகு தானே சங்கடப்பட்டு, "சாரி. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றான்.

அன்றிலிருந்து அவளைக் கண்டால் சில பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிணத்திடமிருந்து திருடப் பார்த்தவள்.

ஆனால் அது அல்ல அவளைத் தூங்கவிடாதது. எழுத உட்கார்ந்தால் யுகேந்திரன் வந்தான்.

முதலில் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கையுறைத் தொழிற்சாலையைப் பற்றி எழுதலாம் என்று போனை எடுத்தாள். விரல் 'அம்மா' என்று அடித்தது. அவள் தன் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து 'மா'தான். அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடி அம்மா. அதற்குப் பின்னால் கல், பாசி, காதுக்குள் நிறையும் சத்தம், வெயிலில் நின்று கை ஆட்டும் கூட்டாளிகள் கலங்கலாய்த் தெரிவது. அவள் அருவியையே பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைப்பது, சுற்றுலா அல்ல. கோபத்தை எழுதலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும், நடுவில் எங்கோ கோபம் வழுக்கி விழுந்து, அந்த இன்னொரு குரல், அவசரமே இல்லாத ஒரு பையனின் குரல், மேலே வந்தது. போனில் அவை ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்ந்தன. அழிக்கத்தான் நினைத்தாள். அவை நன்றாக இருந்தன. அவளுடைய எதையும் விட நன்றாக இருந்தன. அதுதான் சகிக்கவில்லை.

போர்ட் கிள்ளான் அடுக்குமாடியில் அவர்கள் வீட்டுப் பால்கனியில் எப்போதும் துணி தொங்கும். நல்ல வெயிலில் காய்ந்து மொடமொடவென்று கிடக்கும் அப்பாவின் சட்டையைத் தொட்டால் ஈரமாக இருந்தது. கையைப் பார்த்தால் ஈரம் இல்லை. மறுபடி தொட்டால் ஈரம்.

"என்னாடி, துணியவே தடவிக்கிட்டு நிக்கிற?" என்றார் அப்பா.

"காஞ்சிருச்சான்னு பாக்குறேன்."

"காலைலேருந்து அதத்தான் பாக்குற."

மூன்று வாரத்துக்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில், கடைக்கு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக் கேன்டீன் வேலையின் ஏப்ரனை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பழனியப்பன் சாப்பிடப் போயிருந்தார்.

"ஷாமினின்றது நீதானம்மா?"

"ஆமா ஆன்டி. என்னா வேணும்? பேனரா, பத்திரிகையா?"

"நான் யுகேந்திரன் அம்மா. மாதவி."

ஷாமினி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இந்த நிமிஷத்துக்கு ஏதோ ஒருவிதத்தில் காத்திருந்தவள்தான் அவள். திட்ட வந்திருக்கலாம். நன்றி சொல்ல வந்திருக்கலாம். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. மாதவி உட்காரவில்லை. கணினித் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அதில் யாருடைய கல்யாணமோ இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவன் வேற ஏதாச்சும் சொன்னானாம்மா?"

நாற்காலியைத் துடைத்த துணியை ஷாமினி மேசை மேல் வைத்தாள்.

"ஆன்டி, அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் அவனப் பாத்ததே இல்ல. அது நான் எழுதினது."

"நீதான் எழுதினன்னு ஆனந்து சொன்னான். எனக்குத் தெரியும். அந்த டீசட்டப் பசங்களுக்குத்தான் தெரியாது. எம்மவனுக்குத் தமிழ்ல பேரு எழுதக்கூட வராது." அதைச் சொல்லும்போது அவருக்குச் சின்னதாகச் சிரிப்பு வந்து போனது. "ஆனா சட்ட கொடியில கிடந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லார் வீட்லயும் கொடியில சட்ட கிடக்கும் ஆன்டி."

"அன்னிக்கு எங்க வீட்டுக் கொடியில ஒரு சட்டதான் கிடந்துச்சு. அவன் சட்ட. மழையில நனைஞ்சுச்சு, வெயில்ல காஞ்சுச்சு, மறுபடி நனைஞ்சுச்சு. நான் எடுக்கல. யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் பேனரக் கொண்டாந்து கட்றானுங்க, அதுல போட்டிருக்கு, எடுத்துருன்னு. எடுத்தேன்."

"தற்செயல் ஆன்டி."

"இருக்கட்டும். யோசிச்சா எழுதின?"

யோசித்துத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பொய் சொல்லிப் பழகாத வாய், அப்படியே நின்றது. மாதவி தலையை ஆட்டினார், தெரிந்துகொண்டேன் என்பது போல.

"நீ டைப் பண்ணின. சொன்னது அவன்."

அப்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் விமலன் கூட்டம், செத்தவன் எழுதினான் என்கிறது. இந்தப் பக்கம் பெற்றவள், செத்தவன் சொல்ல நீ அடித்தாய் என்கிறாள். நடுவில் இருபது வருஷம் படித்து, அப்பா லோரி ஓட்டிய சம்பளத்தில் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்தவள் யார்? தபால்காரியா?

"ஆன்டி, தப்பா நினைக்காதீங்க. உங்க மவன் போனது பெரிய கஷ்டம். ஆனா என் தலையில இருந்து வந்தது என்னுது. அத நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்."

மாதவிக்குக் கோபம் வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "அந்த விமலன் தம்பி வீட்டுக்கு வந்துச்சு. புக்கு போடப் போறாங்களாம், இன்னும் இருந்தாத் தாங்கங்குது. மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழம அவனுக்குன்னு கூட்டம் வைக்கிறாங்க. நீயும் வா."

"வரேன். வந்து எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்வேன்."

"சொல்லு. நானும் உண்மையத்தான் சொல்வேன்" என்று ஏப்ரனை உதறி மறுபடி மடித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அந்த ஞாயிறு இதுதான்.

மாடிப்படியில் ரச வாசனை ஏறிவந்தது. மேலே கால் வைக்க இடமில்லை. பூச்சோங்கிலிருந்து, செந்தூலிலிருந்து, யுனிவர்சிட்டி ஹாஸ்டலிலிருந்து வந்தவர்கள் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் முதுகில் ஐந்து வரி. சுவரில் பெரிதாக யுகேந்திரன், அவள் வைத்த நீல வானத்துக்கு முன்னால், அவள் மறைக்கப் பார்த்த கையோடு. அந்த அறையிலேயே ஒரே நாற்காலி முன் வரிசையில் இருந்தது. அதில் மாதவி, பச்சைப் புடவையில், கல்யாணத்துக்கு வந்தவர் போல நேராக.

ஒரு பையன் போனைப் பார்த்து, "யுகேன், நீ நனைந்த நாளில் நான் குடையாய்ப் பிறக்கவில்லையே" என்று படித்து முடித்தான். விரல்கள் சொடுக்கின. விமலன் மைக்கை வாங்குவதற்குள் ஷாமினி வாங்கிவிட்டாள்.

"எம்பேரு ஷாமினி. கிள்ளான். அச்சுக்கடையில வேல செய்றேன். உங்க முதுகுல இருக்கிற கவித நான் எழுதினது."

யாரோ "மறுபடியுமா" என்றார்கள். விமலன் கையைக் கூப்பினான். "ஷாமினி, ப்ளீஸ்லா. அவங்க அம்மா இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களுக்கும் தெரியும். அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது."

மூக்குத்தி போட்ட ஒரு பெண் தரையிலிருந்தே பேசினாள். "ஸோ? எனக்குந்தான் எழுதத் தெரியாது. ரோமன்ல அடிப்பேன். நான் கவிஞர் இல்லையா?"

"நீ உயிரோட இருக்க, உன்னைக் கேட்டா சொல்லுவ. அவனக் கேக்க முடியாதுன்னுதான எல்லாரும் அவன் பேரப் போட்டுக்கிட்டுச் சுத்துறீங்க? உயிரோட இருக்கிறவ கோவமா எழுதினா உங்களுக்குத் தல வலிக்குது. அதையே செத்தவன் எழுதினான்னா அழுவுறீங்க. உங்களுக்குக் கவித புடிக்கலடா. சாவுதான் புடிச்சிருக்கு."

அறை கொதித்தது. இறங்கு என்று ஒரு குரல். செத்தவன்கிட்ட போட்டியா என்று இன்னொன்று. புஜக்காரன் எழுந்தே விட்டான். ஷாமினி மைக்கை விடவில்லை.

"ஆதாரம் கேட்டல்ல விமலன்? படிக்கிறேன். இது எங்கயும் போடாதது. எங்க வீட்ல கூட யாருக்கும் காட்டாதது. கேட்டுட்டு ஒரே கையா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

போனைத் திறந்தாள். எதைப் படிப்பது என்று யோசிக்கவில்லை. கடைசியாக வந்தது மேலே இருந்தது.

"அம்மா
கல் வழுக்கவில்லை
எவனும் என்னைத் தள்ளவில்லை
தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்
பெயர் சொல்லி, முழுப் பெயர் சொல்லி..."

மேடையில் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்வது போல, கடைசி வரிக்கு முன்னால் அவள் மூச்சு விட்டாள். 'அது உன் குரலாக இருந்தது' என்பதுதான் அந்த வரி. மூன்று வாரமாக அதற்கு மேல் ஓர் எழுத்தும் வராமல் அங்கேயே நின்றிருந்தது.

"என் குரலு" என்றார் மாதவி.

மெதுவாகத்தான் சொன்னார். அறை முழுக்கக் கேட்டது. ஷாமினி போனைப் பார்த்தாள், மாதவியைப் பார்த்தாள். மாதவி அவளைப் பார்க்கவில்லை. சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவனையும் பார்க்கவில்லை. தன் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் குரலுதான். அன்னிக்கு கிள்ளான்ல கருகருன்னு மேகம் ஏறி வந்துச்சு. நான் அடுப்பாங்கரையில நிக்கிறேன். அவன் வீட்ல இல்லன்றதே மறந்துபோச்சு. டேய், சட்டைய எடுறான்னு கத்தினேன். பதில் இல்ல. எரும மாடுன்னு திட்டினேன். அப்புறம் முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். யுகேந்திரான்னு முழுசாச் சொன்னா, எங்க இருந்தாலும் எழுந்து வந்துருவான். கோவமா இருக்கேன்னு தெரிஞ்சிரும் அவனுக்கு."

எழுந்து நின்ற புஜக்காரன் உட்கார மறந்திருந்தான்.

விமலன் மாதவியின் பக்கம் குனிந்து, "ஆன்டி, மைக்கு வேணுமா?" என்றான். அவர் காதில் அது விழவில்லை.

"கூப்பிட்டதுக்கு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, அவன் அங்கல்ல போயிருக்கான்னு. சிரிச்சேன். கேட்டியாம்மா, நான் சிரிச்சேன். அந்த நேரந்தான்னு ஆனந்து பின்னாடி சொன்னான். எல்லாரும் ஏறிட்டாங்களாம். இவன் கரையில கால் வச்சவன், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பினானாம்."

ஷாமினியின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. இந்த முறை பார்த்தபோதும் ஈரமாகவே இருந்தது. அவள் இங்கே தன் பெயரை வாங்க வந்திருந்தாள். வாங்குவதற்கு வேண்டிய எல்லாம் கையில்தான் இருந்தது: மைக், கூட்டம், யாரும் மறுக்க முடியாத அமைதி. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை தொண்டையில் வந்து, அங்கே ஏற்கெனவே யாரோ நின்றுகொண்டிருப்பது போல, ஒதுங்கி நின்றது. மூன்று மாதமாக அவசரமே இல்லாத அந்தக் குரலை ஒரு பையனின் குரல் என்று நினைத்திருந்தாள். இப்போது மாதவி வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் விட்ட இடைவெளிகள் அவளுக்குத் தெரிந்திருந்தன. ஒவ்வொன்றும் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது; இத்தனை நாளும் கேட்டது இந்தக் குரலைத்தான்.

"சட்டைய ஏன் எடுக்கலன்னா" என்றார் மாதவி, "எடுத்துட்டா, அவன் எடுக்க வரப்போறதில்லன்னு ஆயிடும்ல."

ஷாமினி மைக்கை நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், மூக்குத்திப் பெண்ணுக்கும் பூச்சோங்கிலிருந்து வந்த ஒருத்தனுக்கும் நடுவில். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நின்றுபோயிருந்த வரிக்குக் கீழே கட்டைவிரலை வைத்தாள். அது ஓட ஆரம்பித்தது. அந்த அம்மாவின் வார்த்தைகள், இலக்கணம் பார்க்காமல், கேட்டது கேட்டபடி.

விமலன் குந்தியபடியே நகர்ந்து அவள் காதருகே வந்தான். கையில் போன். நிகழ்ச்சி நேரலையில் போய்க்கொண்டிருந்தது. "ஷாமினி, கீழ பேரு போடணும். யாரு கவிதன்னு போட? அவனுதா, உன்னுதா, ஆன்டியுதா?"

"வாய மூடுடா" என்றாள் ஷாமினி, திரையிலிருந்து கண் எடுக்காமல். "அவங்க இன்னும் முடிக்கல."